அரை நூல்

பட்டுக்கடை மாடியில் அன்று காலை கூடியவர்கள் ஐந்து பேர். இருந்த ஒரே நாற்காலியில் சென்னைப் பலகைக் கம்பெனியின் ஏஜெண்ட் சந்திரநாதன். ஜன்னலோரம் பாய்க்கட்டின்மேல் கடை முதலாளி தணிகாசலம். தன் சாமான் பெட்டியின்மேல் தச்சு மேஸ்திரி தேவசகாயம். முட்டி வலியால் மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்ட முதலாளியின் மனைவி மணியம்மாள். தரையில், மாதிரிப் பலகைகள் இரண்டை மடியில் வைத்துக்கொண்டு மருமகள் கமலவேணி.

கமலவேணிக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. பெண்கள் நிம்மதியாக உட்கார்ந்து முகூர்த்தப் புடவை பார்க்க மாடியில் தனிப் பிரிவு வைக்கலாம், அதை அவளே நடத்தட்டும் என்று மாமனார் ஒப்புக்கொண்டிருந்தார். தை முதல் முகூர்த்தத்துக்குள் திறக்க வேண்டும். தவறினால் மாடி பழையபடி மூட்டை போடும் இடம். அதற்கு இருபத்தெட்டு நாள்தான் இருந்தது.

பழைய வீடு, மரச்சட்டம் தாங்கும் மாடி. கல் தளத்தின் கனத்தைத் தாங்காது என்பதால் தேக்குப் பலகை என்று முடிவாகியிருந்தது. கம்பெனியிலேயே வார்னிஷ் பூசி வரும் பலகையா, மேஸ்திரி இங்கேயே பதித்துச் சீவி பாலிஷ் போடுவதா என்பதுதான் பாக்கி. கம்பெனிப் பலகையைப் பதிக்க நாலு நாள் போதும். மேஸ்திரிக்கு முப்பது நாள் வேண்டும். தூசும் ஸ்பிரிட் நெடியும் வேறு.

சந்திரநாதன் தன் பலகையைத் தூக்கிக் காட்டினார். அதில் முகம் தெரிந்தது.

"இதுல உக்காந்தா வழுக்கிக்கினு வாசலுக்கே போயிடுவாளுங்க. படி எறங்குற வேல மிச்சம்" என்றாள் மணியம்மாள்.

பலகைகள் சேரும் இடம் ஒரே மட்டமாக இருக்குமா என்று கமலவேணி கேட்டாள்.

"சட்டம் பழசும்மா. வார்னிஷ் பூசி வர்ற பலகைய அப்பறமா சீவ முடியாது. எங்கனா அரை நூல் ஏத்த எறக்கம் இருக்கும். அவ்ளோதான்" என்றார் சந்திரநாதன்.

தணிகாசலம் சிரித்துவிட்டார். பட்டு நூல் ஒன்றில் பாதி, கண்ணாடி போட்டாலும் தெரியாதே என்றார். ஆர்டரை எழுதச் சொல்லிவிட்டார். கமலவேணி மாமியாரைத் தாண்டி, இரண்டிரண்டு படியாய் இறங்கிக் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். வந்து பார்த்தால் தேவசகாயம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"மொதலாளி, நீங்க உங்க நூல நெனச்சிக்கினு இருக்கிறீங்க. அவுரு சொல்றது தச்சு நூலு. அங்குலத்துக்கு எட்டு நூலு."

அளவுகோலை விரித்துக் காட்டினார். கமலவேணியும் தறி வீட்டுப் பெண்தான். குனிந்து நகத்தால் அளந்தாள்.

"மாமா, இவங்க அரை நூல்ல நம்ம பாவு இழை ஆறு ஏழு நிக்கும்."

தான் ஒன்றையும் மறைக்கவில்லை என்றார் சந்திரநாதன். அவர்மேல் யாரும் குறை சொல்லவுமில்லை.

விற்காமல் கிடந்த பழுதுப் புடவை ஒன்றைக் கமலவேணி எடுத்துவந்தாள். இரண்டு பலகையையும் சேர்த்து வைத்து, ஒன்றின் அடியில் தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகினாள். முந்தானையை அதன்மேல் இழுத்தாள். முதல் தடவை தண்ணீராய் ஓடியது. இரண்டாம் தடவை சரிகை இழை ஒன்று விளிம்பில் மாட்டி, துணி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை சுருங்கிக்கொண்டது.

"விடும்மா. மூட்டையே போட்டுக்கலாம்" என்றார் தணிகாசலம். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த முப்பது நாளில் எதெதற்கு எத்தனை நாள் என்று கமலவேணி மேஸ்திரியைக் கேட்டாள். அறுத்து, உலர்த்தி, ஒன்றோடொன்று கோக்க நாக்கு வெட்டப் பதினாறு, பதிக்க ஆறு, சீவிப் பாலிஷ் போட எட்டு. அந்தப் பதினாறு நாள் வேலையைத்தான் கம்பெனி மெஷினில் முடித்து வைத்திருக்கிறதே என்று அவளுக்குச் சட்டென்று உறைத்தது.

"சார், அறுத்து ஒணத்தி நாக்கு வெட்னதோட, வார்னிஷ் பூசாம குடுப்பீங்களா?"

சந்திரநாதன் நாற்காலியில் நிமிர்ந்தார். "யாரும் கேட்டதில்லமா. மேனேஜருக்குத்தான் எழுதணும். கேட்டா குடுப்பாருன்னுதான் தோணுது."

"வெறும் பலக வந்தா எனக்குப் பதினாலே நாளு" என்று தேவசகாயம் எழுந்தே நின்றுவிட்டார். சீவித் தேய்த்தபின் முந்தானையைக் குறுக்கே இழுத்தாலும் மாட்டாது, அதற்குத் தான் பொறுப்பு என்றார். தூசுக்கும் நெடிக்கும் என்ன செய்வது என்று தணிகாசலம் கேட்டார். கீழே கடையிலுள்ள சரக்கு முழுவதையும் அந்தப் பதினாலு நாளும் சின்ன காஞ்சிபுரத்தில் தன் அம்மா வீட்டில் வைக்கலாம் என்றாள் கமலவேணி.

"அம்மா வீட்ல கேட்டு வெச்சிக்கினுதான் வந்துகிறா" என்றாள் மணியம்மாள்.

தணிகாசலம் மனைவியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். "எழுதும்மா."

வாலாஜாபாத் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி இடப்பக்கம் இரண்டு விரல் இடம் விட்டு, இலக்கமிட்டு எழுதினாள். பலகையின் நீள அகலம், கனம், வார்னிஷ் வேண்டாம், ஓரம் சாய்வாகச் சீவ வேண்டாம், பத்து நாளைக்குள் லாரி ஷெட்டுக்கு வந்து சேர வேண்டும். கீழே மாமனார் கையெழுத்துக்கு இடம் விட்டு நீட்டினாள்.

அவர் இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பித் தள்ளினார். "மாடி யாருது? நீயே போடு."

தன் பெயரைப் போட்டாள்; 'ணி'யின் சுழி கொஞ்சம் பெரிதாகிவிட்டது. உறையில் விலாசம் எழுதி, கோந்து தடவி, நாலு விரலாலும் அழுத்தி ஒட்டினாள். சந்திரநாதன் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு மணி மெட்ராஸ் பஸ்ஸுக்கு நடையைக் கட்டினார்.