யாசரின் மூன்றரை மணி

நோன்பு முப்பது நாளும் யாசர் ராத்திரியில் ஒரு சத்தம் போடவில்லை. பத்து மாதப் பிள்ளை இப்படித் தூங்குகிறானே என்று ஷஹனாஸ் பூரித்துப்போனாள். பால் கொடுக்கிறவள் என்பதால் அவளுக்கு நோன்பு இல்லை. அவளும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். பெருநாள் கழிந்ததோ இல்லையோ, ஆரம்பித்தது கூத்து. விடிகாலை மூன்றரை ஆனால் போதும், பயல் எழுந்து வீறிட்டு அழுதான்.

வேறு சமயமாக இருந்தால் பரவாயில்லை. ஒன்றாம் தேதி அவள் சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர வேண்டும். முதல் மாதம் முழுக்க நைட் டியூட்டி. மூன்று வருஷம் முதுநகர் வீட்டில் அடைந்து கிடந்தவளுக்கு வராது வந்த வேலை. "புள்ள ராத்திரி பால மறந்தா போ, இல்லன்னா வேணாம்" என்று துபாயிலிருந்து கணவன் அசாருதீன் ஒரே போடாகப் போட்டுவிட்டான்.

நர்ஸ் அல்லவா, முறையாகத்தான் இறங்கினாள். படுக்குமுன் கேழ்வரகுக் கூழ். மூன்றரைக்குப் பத்து நிமிஷம் பால். இரண்டு நாள் கழித்து எட்டு, அப்புறம் ஆறு. எத்தனை தாய்மாருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருப்பாள்! இந்த வாண்டிடம் ஒன்றும் பலிக்கவில்லை. நாலு இழுப்பு இழுப்பான், தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்து அழுவான். பசியா? பசியென்றால் ஏன் குடிக்கவில்லை? பல் முளைக்கிறதா? காது வலியா? அப்படியென்றால் பகலெல்லாம் எப்படிச் சிரிக்கிறான்?

"பாலக் குறைச்சா புள்ள அழாம பாட்டா பாடும்?" என்றார் மாமியார் மெகருன்னிசா. "பூரா நிறுத்திடுடி, மூணு நாள்ல மறந்துருவான்" என்றாள் புவனகிரியிலிருந்து போனில் அக்கா நஜியா. கூட்டுவதா, குறைப்பதா, ஒன்றுமே புரியாமல் ஷஹனாஸ் தலையைப் பிய்த்துக்கொண்டாள். பால் மட்டும் வற்றிக்கொண்டு வந்தது.

வேலையில் சேர்வதற்கு முந்தின ராத்திரி மாமியாரே சொன்னார். "பெருநாளுக்கு அப்புறம் வைக்கிற ஆறு நோன்ப நானும் மாமாவும் நாளைலேருந்து வைக்கப் போறோம். எப்படியும் விடியறதுக்கு முன்ன சஹர் சாப்பிட எழுந்திருப்போம். புள்ள அழுதா நான் பாத்துக்கறேன், நீ எழுந்து வராத."

மூன்றரைக்கு யாசர் அழுதான். மாமியார் வந்து தூக்கிக்கொண்டு போனார். கூடத்தில் விளக்கெரிந்தது, அழுகை பட்டென்று நின்றது. ஷஹனாஸுக்குப் படுக்கை கொள்ளவில்லை. எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

பாய் விரித்திருந்தது. மாமனார் முஹம்மது யூசுப் மடியில் யாசர் ஜம்மென்று உட்கார்ந்து, தட்டைத் தட்டிக்கொண்டு வாயைத் திறந்தான். அவர் பேரீச்சம்பழத்தை நசுக்கி ஊட்டினார்.

"ஒரு வயசு வரைக்கும் இனிப்பே குடுக்காதீங்கன்னு சொன்னேன்ல மாமி?"

மெகருன்னிசா தலையைக் குனிந்துகொண்டார். மாமனாருக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. "ஏம்மா, நோன்பு பூரா எங்களோடதான சஹர் சாப்பிட்டான்? லேசா சிணுங்குவான். நீ அசந்து தூங்குற, எழுப்ப வேணாம்னு ஒங்க மாமிதான் தூக்கியாருவா. நாளெல்லாம் வேலை பாக்குற பொண்ணும்பா."

"ஒங்க வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று சீறினார் மெகருன்னிசா.

ஷஹனாஸ் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அவன் பாலுக்கு அழவே இல்லை. இந்தக் கூடத்துக்கு, இந்த விளக்குக்கு, இவர்களுக்காக அழுதிருக்கிறான். அவளோ நிமிஷம் நிமிஷமாகத் தன் பாலைக் குறைத்துக்கொண்டிருந்தாள். மாமியாரைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா? வேலைக்குப் போகலாம் என்று சந்தோஷப்படுவதா? எதுவென்று தெரியாமல் கண்ணீர் கொட்டியது.

யாசர் அவளைப் பார்த்தான். நாலு பல்லும் தெரியச் சிரித்தான். பிறகு திரும்பித் தாத்தாவிடம் வாயைத் திறந்தான்.

"தோல உரிச்சிட்டுக் குடுங்க மாமா, தொண்டையில ஒட்டிக்கும்" என்றாள் ஷஹனாஸ். "நாளைக்கு இந்நேரம் நான் வீட்டுல இருக்க மாட்டேன்."