கறையென்று எடுத்த வீடு

1

இந்தக் கதை ஒரு பனியனிலிருந்து வந்தது. வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன். இரண்டாயிரத்து ஆறில், உலகத்தின் வடக்குக் கோடி நாடு ஒன்றிலிருந்து, பனியனை மொத்தமாக வாங்கும் பையர் ஒருத்தர் தன் ஊர்த் திருவிழாவுக்கென்று திருப்பூர்க் கம்பெனி ஒன்றில் பனியன் கேட்டார். நெஞ்சில் அவர் ஊர்ப் படம்: இரண்டு மலைக்கு நடுவே மைல் கணக்கில் கடல் உள்ளே புகுந்து கிடக்கும். இக்கரையில் ஒரு சர்ச், நாலைந்து வீடு. எதிர்க்கரையில் ஒற்றை வீடு.

2

"பனி படர்ந்த அந்தக் கடற்கழியில், மௌனம் ஒரு—"

(நிறுத்து. அவிநாசியைத் தாண்டி வடக்கே போகாத எனக்கு மௌனமாம்!)

மறுபடி: அங்கே குளிர்காலத்தில் வெயில் மலை தாண்டி வரவே வராது. எதிர்க்கரை ஆளுக்கு உப்பு தீர்ந்தாலும் படகு விட வேண்டும். (பையர் சொல்லி, கம்பெனியில் ஆர்டர் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் சொல்லி, என் காதுக்கு வந்தது. பாதி புளுகாக இருக்கலாம்.)

3

விஜயராணி சாத்தூர்ப் பக்கத்துக்காரி. திருப்பூர் மண்ணரையில் வாடகை வீடு, அந்தக் கம்பெனியில் செக்கிங் வேலை. பனியனில் கறை தெரிந்தால் ஸ்ப்ரே கன்னால் மருந்தடித்து எடுக்க வேண்டும்.

பனியன் படத்தின் எதிர்க்கரையில் கடுகளவு கறுப்புப் புள்ளி. அடித்தாள். போயே போச்சு. அடுத்த பனியனிலும் அதே இடத்தில் அதே புள்ளி. பிரிண்டிங் ஸ்கிரீனில் ஓட்டை விழுந்தால் அப்படித்தான் வரும். "கண்ணு பொட்டையா இவனுகளுக்கு?" என்று பிரிண்டிங்காரர்களைத் திட்டிக்கொண்டே, டேபிளுக்கு வந்த அத்தனையையும் சுத்தமாக்கினாள். அன்றைக்கு அவளுக்குத் தன் வேலைமேல் ஒரே பெருமை.

4

பையர் வந்து பார்த்தார். முகம் செத்துப்போச்சு. அழிந்தது அவருடைய அக்கா வீடாம்.

மேனேஜர் தங்கவேலு கூப்பிட்டார். "ஏனுங்கம்மணி, ஒரு ஊட்டையே அழிச்சுப்போட்டீங்களே?"

"கறைன்னுதான் சார் நெனச்சேன். இம்புட்டுத் தண்ணிக்கு அங்கிட்டு ஒத்த வீட்ல யாரு சார் இருப்பா?"

"நாளையிலிருந்து வர வேண்டாமுங்க, கண்ணு."

எங்கள் ஊரில் வேலையை விட்டுத் தூக்குவதுகூட இத்தனை மரியாதையாகத்தான். விஜயராணிக்கு அழுகை முட்டியது. இந்த டேபிள் போனால் சாத்தூருக்கு பஸ் ஏறி, மறுபடி தீப்பெட்டி ஒட்ட வேண்டும். அதற்குப் பயந்துதானே இங்கே வந்தாள்.

5

முடிவு அ: பையர் சிரித்து, அவளை மன்னிக்கச் சொல்கிறார். (எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.)

முடிவு ஆ: அக்காவே போன் போட்டு, "அழிஞ்சா அழியட்டும், குளிர் தாங்கலை" என்று—

வேண்டாம். பிடித்ததை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நிதானமாக. நீங்களும் நானும் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆள் ஏற்றிவரும் கம்பெனி வேன் வந்து, வேறொரு பெண் விஜயராணியின் டேபிளில் நின்றாகிவிட்டது.