தாங்குகிற வெயில்

வெயில் ஆராய்ச்சி செய்ய வந்த மேடம், வெயில் அளவுகள் எழுதிச் சுவரில் ஒட்டிய தாளின் மேல் சிவப்பு அட்டையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் மேலயா, கீழயா? நீங்கதான் சொல்லணும்" என்று கேட்டார். செங்கல் சூளைக் கொட்டகையில் கல் அறுக்கிறவர்களும் சுமக்கிறவர்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு வெயிலுக்கு வேலையை நிறுத்தச் சொல்லிச் சங்கு ஊதுவது என்பதைக் கருவி மட்டும் முடிவு செய்யக் கூடாதாம். வேலை செய்கிற உடம்பையும் கேட்க வேண்டுமாம். அந்த உடம்புகளை இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. அதனால் ஆளுக்கு ஆள் கூச்சமாக இருந்தது.

கூச்சப்படாமல் பேசியது, மாமியாரோடு கல் சுமக்க வந்திருந்த மருமகள் ஒருத்திதான். யாருக்கு என்றைக்குக் கண் இருட்டியது, யாருக்கு நீர் போகும்போது எரிந்தது, எல்லாவற்றையும் கோவையாகச் சொன்னாள். "இதுதான் எனக்கு வேணும்" என்று மேடம் மகிழ்ந்துபோனார். மாமியாருக்கு வயிறு எரிந்தது. பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு கல் சுமந்தவள் அவள். சூளையில் அவளுக்கு இரும்பு என்றே பேர். நேற்று வந்தவளுக்கு இத்தனை மரியாதையா?

"லாரி கவுந்த அன்னைக்கு அடிச்சுதே, அந்த மாதிரி வெயிலுக்கே நிறுத்திடணும் மேடம்" என்றாள் மருமகள். "அன்னைக்கு நான் கல்லடுக்குக்குப் பின்னாடி போய் வாந்தி எடுத்தேன்."

"அதெல்லாம் ஒரு வெயிலா?" என்றாள் மாமியார். "அன்னைக்குத்தான் நான் ரெண்டு நடை கூடவே சுமந்தேன். சில பேருக்கு வேலைன்னாலே வாந்தி வரும்."

கொட்டகையே சிரித்தது. லாரி கவிழ்ந்த அன்று மாமியாரும் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றவள்தான். அது தொட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு, என்னால் முடியாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? மானம் ஒரு பக்கம், வேலை நின்றால் கூலி போகுமே என்ற பயம் ஒரு பக்கம். மேடம் ஒருவர் விடாமல் கேட்டார். எல்லோரும் இரும்பு சொன்னதையே சொன்னார்கள். சிவப்பு அட்டை மேலே ஏறியது. பின்னால் நின்ற மேஸ்திரிக்கு வாயெல்லாம் பல்.

சங்கு வருவதற்கு முன்பெல்லாம், தலை சுற்றுகிறது என்று யாராவது நிழலில் உட்கார்ந்தால் மேஸ்திரி திட்டிவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவான். இப்போது திட்டுவதே இல்லை. "ஊதலையே? கோடு நானா போட்டேன்? நீங்களே கூடிப் பேசிப் போட்டதுதானே" என்பான். உட்கார்ந்தவர்கள் எழுந்து கல்லைத் தூக்குவார்கள்.

காற்றே இல்லாத ஒரு மத்தியானம் மருமகள் மாமியாரிடம் வந்து நின்றாள். "அத்தை, என்னமோ பண்ணுது. மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாரு."

அவள் முகத்தில் பொட்டு வேர்வை இல்லை. அந்த வெயிலில் வேர்க்காத முகம் எதில் போய் முடியும் என்று இரும்புக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். "ஊதட்டும், அப்புறம் உக்காரலாம்."

சூளை வாசலில் விழுந்தவளை வண்டியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது. சங்கு அன்றைக்கும் ஊதவில்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு மேடம் திரும்பவும் வந்தார். கண் வீங்கியிருந்தது. சுவரில் அதே தாள். "அன்னைக்கு அவங்க சொன்ன இடத்துக்கே இதை இறக்கணும்னு நினைக்கிறேன். ஆனா நானா மாத்துறது சரியில்ல. நீங்க சொல்லுங்க" என்றார்.

எல்லோரும் இரும்பைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தால் போதும், மற்றவர்களும் திறந்துவிடுவார்கள். வாசல் பக்கம் மகன் நின்றிருந்தான். பெண்டாட்டியின் பிணத்தை எடுத்த நாளிலிருந்து அவன் அம்மாவிடம் பேசவில்லை. இப்போது அவனும் அவளையே பார்த்தான். இறக்குங்க என்று ஒரு சொல். அதைச் சொன்னால், அவளை நான்தான் கொன்றேன் என்று பெற்ற பிள்ளை முன்னால் சொன்னதாகிவிடும்.

"வெயில் என்ன பண்ணுச்சு? அவ உடம்பு வாகு அப்படி. அட்டை அங்கயே இருக்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. முதலில் ஒரு தலை ஆமாம் என்று அசைந்தது. பிறகு இன்னொன்று.

மகன் தலைத்துண்டை அவிழ்த்து வாசலிலேயே போட்டுவிட்டு வெளியே நடந்தான். கல் காயவைக்கிற களத்தின் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நேரம் உச்சியைத் தாண்டவில்லை.

"உள்ள வாடா" என்றாள். அவன் திரும்பவில்லை.

"டேய், வெயில்ல உக்காராதடா. அம்மா சொல்றேன்ல, உள்ள வா."

சுடாத பச்சைக் கற்களின் வரிசைகளுக்கிடையே, கையகல நிழல்கூட இல்லாத இடத்தில், அந்த முதுகு அப்படியே இருந்தது.