பூட்டனுக்கு ஒரு பெயர்

1

இந்தக் கதை எனக்குக் கீரிமலையில் கிடைத்தது. ஆடி அமாவாசைக் கூட்டத்தில் என் முறை வரும்வரை குந்தியிருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவரிடம், எள்ளும் தண்ணீரும் விடுவதற்காக, ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். தகப்பன் பெயர் உடனே வந்தது. பாட்டன் பெயர் கொஞ்சம் யோசித்து வந்தது. பூட்டன் பெயருக்கு அந்த மனிதர் கடலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பக்கத்தில் யாரோ "டேய் வேலன், செம்பைக் கொண்டா" என்று கத்தவும், "வேலன்" என்றார். ஐயரும் வேலனுக்கு மந்திரம் சொன்னார். எள்ளும் தண்ணீரும் போனது.

எங்கே போனது?

அவ்வளவுதான் என் கையில் இருந்தது. மிச்சமெல்லாம் நான் வைத்துக் கட்டியது. (அல்லது தானாக முளைத்தது. எது சரி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. முடிவதற்குள் பிடிபட்டால் சொல்கிறேன்.)

பகலில் கல்லோடு மாரடிக்கிற ஆள் நான். எழுத்து எனக்குப் பிந்தித்தான் வந்தது. வசனம் எங்கேயாவது நொண்டினால் நீங்களும் கொஞ்சம் மெதுவாக நடந்து வாருங்கள்.

2

முதல் தொடக்கம்: "ஆதியில் ஒன்றும் இருக்கவில்லை." பெரிய ஆட்கள் எழுதுகிற மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "கோடி வருடங்களுக்கு முன்னர் இந்தக் குடாநாட்டின் மேல் கடல்" என்று தொடங்கினேன். நிறுத்தினேன். அதைக் கண்டு வந்து எனக்குச் சொன்னவர் ஆர்?

மூன்றாம் தொடக்கம்: "சீவரத்தினம் இருமினான்." இது இருக்கட்டும். இருமல் எல்லாச் சமயத்தவருக்கும் விளங்கும்.

சீவரத்தினம் இருமினான். ஐம்பது தாண்டியவன். காங்கேசன்துறைப் பக்கம் சுண்ணாம்புக் கல் கிண்டுகிற ஒரு பெரிய பள்ளக் கிடங்கில் வேலை. சுருட்டை விட்டால் இருமலும் விடும் என்று வைத்தியர் சொன்னார். சுருட்டை விட்டான், இருமல் அவனை விடவில்லை. இனிக் கன காலம் இல்லை என்று தன் பாட்டில் ஒரு முடிவுக்கு வந்திருந்தான்.

முதல் பிரதியில் அவனுக்கு ஒரு மகன் இருந்தான். கொள்ளி வைக்கவும் பிறகு வருடா வருடம் தண்ணீர் விடவும் ஆள் இருந்ததால், கதை இரண்டாம் பக்கத்திலேயே காலை நீட்டிப் படுத்துவிட்டது. மகனை அடித்தேன். அந்த இடத்தில் ஒரே பிள்ளையாகக் குணலட்சுமி வந்து நின்றாள். உயர்தர வகுப்பு, விலங்கியல் படிக்கிறாள். அந்த மகனை நான் படைத்துக் கொன்றேனா, அல்லது அவன் பிறக்கவே இல்லையா? ஐயரிடம் கேட்கக்கூடிய கேள்வி இல்லை இது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே பிரதியில் சீவரத்தினம் கிடங்குக்குள் விழுவதாக ஒரு கட்டம் இருந்தது. விழுகையை எடுத்துவிட்டேன். அதனால் வந்த நொண்டலை எடுக்க மறந்துபோனேன். இப்போது எல்லாப் பக்கத்திலும் இடக்காலை இழுத்து இழுத்து வருகிறான், காரணம் இல்லாமல். மனிதனுக்கு வால் இருந்த இடத்தில் ஓர் எலும்பு மிஞ்சியிருக்கிறது என்று குணலட்சுமியின் புத்தகம் சொல்கிறது. அந்தக் கணக்கில் இதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

3

அறுபத்தொன்பதாம் ஆண்டு. சந்திரனில் மனிதன் இறங்கி ஒரு கிழமை ஆகியிருக்கும். சீவரத்தினம் அலவாங்கால் நெம்பிய கல் இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஒரு சிப்பி. விரல் நகம் அளவு. வரி வரியாக, இன்றைக்குக் கரையில் பொறுக்கினது போல.

கூட வேலை செய்கிற பேதுரு எட்டிப் பார்த்தான். பேதுரு குருநகர் ஆள். கடல்தொழில் குடும்பம். ஆனால் வள்ளத்தில் ஏறினால் குடல் புரட்டிச் சத்தி எடுப்பான். அதனால் கல்லுக்கு வந்தவன்.

"பாத்தியே அண்ணை, கடலுக்குப் பயந்து நான் இஞ்சை ஓடி வந்தால், அது கல்லுக்குள்ளை இருந்து எட்டிப் பாக்குது."

"ஆரடா உதைக் கொண்டுவந்து உள்ளுக்கை வைச்சது?"

"வேறை ஆர், ஆண்டவர்தான். ஆறு நாளிலை உலகத்தையே செய்து முடிச்சவர். அவசரத்திலை ஒண்டு ரெண்டு உள்ளுக்கை மாட்டுப்பட்டிருக்கும். ஏழாம் நாள் ஓய்வெடுத்தவர் தெரியுமே? எங்கடை கங்காணிக்குத்தான் அந்த விசயம் இன்னும் எட்டேல்லை."

சீவரத்தினம் சிப்பியைச் சால்வைத் தலைப்பில் முடிந்துகொண்டான். மகளுக்குக் காட்டினால் சந்தோசப்படுவாள்.

4

குணலட்சுமி சந்தோசப்பட்டாள். அதில்தான் பிழை வந்தது.

"அப்பா! இது உயிர்ச்சுவடு. இந்த மண் முழுக்க ஒரு காலத்திலை கடல். நீங்கள் உடைக்கிற கல்லெல்லாம் சிப்பியும் பவளமும் செத்துப் படிஞ்சது." புத்தகத்தைக் கொண்டு ஓடிவந்தாள். மீன், தவளை, பல்லி, குரங்கு, மனிதன் என்று வரிசையாகப் படம். "இதுக்குப் பேர் கூர்ப்பு. ஒருத்தரும் படைக்கேல்லை. ஒண்டிலை இருந்து ஒண்டு கொஞ்சம் கொஞ்சமா மாறி வந்தது."

சீவரத்தினத்துக்கு முகம் மலர்ந்தது. "உது எங்கடை சமயத்திலையும் கிடக்கு, பிள்ளை. புழுவாப் பிறந்து, பறவையாப் பிறந்து, மிருகமாப் பிறந்து, கடைசியிலைதான் மனிசப் பிறப்பு."

"அது வேறை அப்பா. அதிலை ஒரே ஆள் உடுப்பு மாத்தி மாத்தி வாறார். இதிலை ஆள் எண்டு ஒருத்தர் இல்லை. உடுப்புத்தான் மாறுது."

"ஆள் இல்லாத உடுப்போ?"

"ஓம்."

அடுப்படியில் இருந்து தாய் நல்லம்மா குரல் கொடுத்தாள். "குரங்கோ மனிசனோ, ரெண்டு பேரும் வந்து புட்டைத் திண்டிட்டுப் போங்கோ. ஆறுது."

சீவரத்தினம் அசையவில்லை. "அப்ப செத்தால்?"

"செத்தால் எலும்பு. எலும்பும் சுண்ணாம்புதான், சிப்பியும் சுண்ணாம்புதான்."

"அப்ப நான் இவ்வளவு வருசமா ஆரின்ரை எலும்பையடி உடைச்சுக்கொண்டிருந்தனான்?"

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு, வாசல் பக்கம் பார்த்தபடி கேட்டான்.

"பிள்ளை, நான் போனால் எனக்கு ஆர் தண்ணி விடுறது?"

"தண்ணி குடிக்கிறதுக்கு அங்கை ஒரு ஆள் இருந்தால்தானே அப்பா."

(இந்த வசனத்தை நான்கு முறை மாற்றிப் பார்த்தேன். "அப்பிடிக் கதைக்காதையுங்கோ அப்பா" என்று எழுதினேன். அது வேறு ஆரோ ஒரு பிள்ளை சொன்னது மாதிரி இருந்தது. குணலட்சுமி முதலில் சொன்னதைத்தான் சொன்னாள். அவள் கெட்ட பிள்ளை இல்லை. தெரிந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் தகப்பன்ரை முகத்தைப் பார்த்தாள்.)

அன்றைக்குச் சீவரத்தினம் புட்டுத் தின்னவில்லை.

5

இந்த இடத்தில் எழுதுகிறவன் ஒரு பக்கம் சாயவேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். சாய்ந்து பார்த்தேன். படைத்தவன் ஒருவன் உண்டு என்று சாய்ந்தால், சீவரத்தினத்தின் இருமலுக்கு அவனிடம் கணக்குக் கேட்கவேண்டும். (என்னிடமும் கேட்கலாம். இருமல் நான் வைத்ததுதானே.) எல்லாம் தானாக வந்தது என்று சாய்ந்தால், கேட்பதற்கே ஆள் இல்லை. நடுவில் நின்றால் தலை சுற்றுகிறது. ஆகவே திரும்பவும் கிடங்குக்குப் போகிறேன். அங்கே நிழலாவது உண்டு.

சீவரத்தினத்தின் கை தயங்கத் தொடங்கியிருந்தது. சம்மட்டியை ஓங்குவான், கல்லைப் பார்ப்பான், இறக்குவான்.

"என்ன அண்ணை, கல்லுக்கு நோகுமெண்டு பாக்கிறியே?"

ஆடி அமாவாசைக்கு இன்னும் சில நாள்தான். அவன் பேதுருவிடம் மனத்தைத் திறந்தான். "என்ரை தகப்பன் பேர் தம்பிராசா. பாட்டன் முத்துக்குமாரு. பூட்டன் பேர் தெரியாதடா. வருசா வருசம் வாயிலை வாறதைச் சொல்லுறனான். போன வருசம் வேலன். அதுக்கு முதல் கந்தன். ஒருக்கால் விரதக் களைப்பிலை அரிசிக்கடைக்காரன்ரை பேரைச் சொல்லிப்போட்டன்."

"அந்தாள் உயிரோடை இருக்கெல்லோ!"

"இருக்கு."

"அதுதான் அந்த வருசம் முழுக்கத் தண்ணித் தாகமே இல்லாமல் திரிஞ்சது!" பேதுரு கல்லில் கை தட்டிச் சிரித்தான். "அண்ணை, ஊர் பேர் தெரியாத வேலன் எல்லாம் உன்ரை செலவிலை தண்ணி குடிக்கிறான், உன்ரை பூட்டன் நா வறண்டு கிடக்கிறார்."

சீவரத்தினத்துக்கு அது பகிடியாகப் படவில்லை.

பேதுருவும் அதைக் கண்டுகொண்டான். குரலை மாற்றினான். "எங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. நவம்பர் மாதம் சகல ஆத்துமாக்களுக்கும் எண்டு ஒரு நாள். மெழுகுதிரி கொளுத்தினால் சரி. பேர் கேக்கிறேல்லை. எனக்கும் பூட்டன் பேர் தெரியாதுதான். ஆனால் எல்லாருக்கும் முதல் ஆள் ஆர் எண்டு தெரியும். ஆதாம்."

இதை எழுதிவிட்டுக் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பேதுருவுக்கு முதல் ஆளைத் தெரியும். சீவரத்தினத்துக்குக் கடைசி இரண்டு பேரைத் தெரியும். குணலட்சுமிக்கு இடையில் மீனும் தவளையும் வந்தது தெரியும். அந்தப் பூட்டனைத்தான் ஒருவருக்கும் தெரியாது. ஒரு மனிதன் இந்த ஊரில் பிறந்து, தோட்டம் கொத்தி, பெண் கட்டி, பிள்ளை பெற்று, சீவரத்தினம் வருவதற்கு வழி விட்டுப் போயிருக்கிறான்.

6

நொண்டல் இப்போது வேலைக்கு வருகிறது. இதை நான் திட்டமிடவில்லை.

கீரிமலைக் கரையில் கல்லெல்லாம் பாசி. பிண்டத்தைக் கடலில் விட நொண்டுகிறவன் தனியே இறங்க முடியாது. "நீ கூடப் போ" என்று நல்லம்மா மகளை அனுப்பினாள். நல்லம்மாவுக்கு வீட்டில் காத்தோட்டிக்காய்க் கறி சமைக்கிற வேலை இருந்தது. அன்றைக்கு அது இல்லாமல் விரதச் சாப்பாடு இல்லை. முதல் பிரதியில் அவன் விழுந்திராவிட்டால், இந்தப் பிரதியில் மகள் அங்கே வந்திருக்கமாட்டாள். இதற்கு என்ன பெயர்?

சீவரத்தினம் தர்ப்பை மோதிரத்தோடு ஐயர் முன்னால் இருந்தான். குணலட்சுமி பின்னால், ஒன்றிலும் சேராதவள் போல, கடலைப் பார்த்தபடி.

"தகப்பன் பேர்?"

"தம்பிராசா."

"பாட்டன்?"

"முத்துக்குமாரு."

"பூட்டன்?"

இங்கே மூன்று முடிவு எழுதினேன்.

ஒன்று: "ஆதாம்" என்கிறான். ஐயர் எழும்பி நிற்கிறார். சிரிப்பு வந்தது. பேதுரு எழுதின முடிவு அது. அடித்தேன்.

இன்னொன்று: மடியில் இருந்து சிப்பியை எடுத்து இலையில் வைக்கிறான். நல்ல வடிவாக இருந்தது. அந்த வடிவே எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. அடித்தேன். (சிப்பி வீட்டில்தான் இருக்கிறது. குணலட்சுமி அதைப் புத்தகத்துக்குப் பாரமாக வைத்திருக்கிறாள்.)

மற்றது: "வேலன்." வழக்கம்போல. இதுதான் நடக்கக்கூடியது. ஆனால் இந்த வருடம் அந்தப் பொய் அவன் தொண்டையால் வெளியே வரவில்லை. தள்ளிப் பார்த்தேன், இருமல்தான் வந்தது.

"பூட்டன் பேர் சொல்லும்" என்றார் ஐயர் மறுபடியும். பின்னால் இருந்து ஒருவர், "ஐயா, கெதியா விடுங்கோ, வெய்யில் ஏறுது" என்றார். சீவரத்தினம் வாயைத் திறந்தபடி இருந்தான். அப்படியே பல நாள் இருந்தான். நான் வேலைக்குப் போய்ப் போய் வந்தேன். வந்து பார்க்கும்போதெல்லாம் வாய் திறந்தபடி.

பிறகு நான் வைக்காத ஒரு சொல்லைக் குணலட்சுமி சொன்னாள்.

"சீவரத்தினம்."

ஐயர் நிமிர்ந்தார். "அது இவரின்ரை பேரெல்லோ?"

"ஓம் ஐயா. அப்பாவின்ரை பேர் வானத்தாலை விழுந்ததே? குடும்பத்திலை முன்னம் இருந்த ஆக்களின்ரை பேரைத்தானே பிள்ளையளுக்கு வைக்கிறவை. ஒண்டுமில்லாமல் ஒண்டு வராது. மேலை எங்கையோ ஒரு சீவரத்தினம் இருந்திருப்பார்."

"உயிரோடை இருக்கிறவரின்ரை பேரிலை தண்ணி விடுறது கூடாது, பிள்ளை."

"பூட்டன்ரை பேர் எண்டுதான் சொல்லுறன்."

ஐயர் சீவரத்தினத்தைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். மந்திரத்தைத் தொடங்கினார்.

தன் பெயர் மந்திரத்துக்குள் போவதைச் சீவரத்தினம் கேட்டான். எள்ளோடு தண்ணீரைக் கையில் வாங்கிச் சரிக்கும் நேரம் பார்த்து இருமல் பிடித்தது. குணலட்சுமி எட்டி, அவன் மணிக்கட்டைக் கீழிருந்து தாங்கினாள். தண்ணீர் அவன் விரலால் இறங்கி, அவள் விரலிலும் வழிந்து, விழுந்தது.

ஆர் விட்டது? ஆருக்கு விட்டது? மேலே இருந்த ஒரு சீவரத்தினத்துக்கா? அப்படி ஒருவர் இருந்தாரா? அல்லது இருமிக்கொண்டிருக்கிற இந்தச் சீவரத்தினத்துக்கு, முன்கூட்டியே, ஒரு பிள்ளை விட்டதா? எனக்குத் தெரியவேண்டும், எழுதினவன் நான். தெரியவில்லை.

7

பிண்டத்தை இலையில் ஏந்திக்கொண்டு இரண்டு பேரும் கடலுக்குள் இறங்குகிறார்கள். சால்வைத் தலைப்பை அவள் முறுக்கிப் பிடித்திருக்கிறாள். காலுக்குக் கீழே கல். கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று இப்போது இருவருக்கும் தெரியும். இடக்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் சீவரத்தினம் நடுவில் நின்றுவிட்டான்.

"பிள்ளை."

"என்ன அப்பா?"

"அங்கை ஒரு ஆளும் இல்லை எண்டு சொன்னனியெல்லோ?"

"சொன்னனான்தான்."

"அப்ப இப்ப ஆருக்கு விட்டனி?"

குணலட்சுமி சொன்னாள்:

"                                        "

இதில் பலதை எழுதி எழுதி அடித்தேன். "உங்களுக்குத்தான் அப்பா" என்று ஒருக்கால். "சும்மா" என்று ஒருக்கால். "தெரியாது" என்றுகூட எழுதினேன். கிட்டத்தட்ட சரி மாதிரி இருந்தது, ஆனால் அது என் மறுமொழி, அவளுடையதில்லை. படைத்தவன் என்றால் இந்த இடத்தில் எனக்கு ஒரு சொல் வந்திருக்கவேண்டும். தானாக வளருகிறது என்றால் இவ்வளவு நாளில் வளர்ந்திருக்கவேண்டும்.

இடம் விட்டிருக்கிறேன். உங்கள் பூட்டன் பெயர் தெரிந்தவர்கள் ஒரு மாதிரி நிரப்புவீர்கள், தெரியாதவர்கள் வேறு மாதிரி. எதுவானாலும் கொஞ்சம் கெதியாகச் சொல்லுங்கள். அலை வருகிறது, அந்த மனிதன் ஒற்றைக் காலில் நிற்கிறான்.