அஸ்கெர் கோபித்தால் பதினோரு டிகிரி

அஸ்கெர் ப்ரூன் கோபித்துக்கொண்டால் அவன் நிற்கும் தண்ணீர் பதினோரு டிகிரிக்கு இறங்கிவிடும். பிறவியிலேயே அப்படித்தான். யூட்லாந்தில் எங்கள் பக்கம் இதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. ஒருவனுக்குக் காது பெரிதாக இருக்கும், ஒருவனுக்கு இப்படி. டிரவுட் மீன் வளர்க்கும் குன்வோரும், தன் குளம் சூடேறும் வரை, அதைக் கவனித்ததில்லை.

ஆர்ஹூஸ் நகரத்து வீட்டை விற்று அந்தக் குளத்தை வாங்கியவள் அவள். காசு கட்டித் தூண்டில் போட வருகிறவர்கள், தெற்குக்கரை மரங்களில் முள் மாட்டிக்கொள்கிறது என்று ஓயாமல் முனகியதால், ஒரு வசந்தத்தில் அத்தனையையும் வெட்டிப்போட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். தூண்டில் நன்றாகப் பறந்தது. ஜூலை பிறந்ததும் நிழலில்லாத தண்ணீர் இருபத்தொன்றைத் தொட்டது. டிரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும்; சூடேறினால் தண்ணீரில் மூச்சு தங்காது. நாலாயிரம் மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கைதட்டியவர்கள் சாவு வீட்டுக்கு வந்தவர்களைப் போலத் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். புதுக் கன்றுகள் நட்டார்கள்தான். அவை நிழல் தரப் பத்து வருஷமாவது ஆகும்.

மீன்கள் மேலே வந்த அன்று, தூண்டில் போட வந்திருந்த அஸ்கெருக்கு ஒரு பெரிய மீன் தப்பிய எரிச்சல். முழங்கால் நீரில் முறைத்துக்கொண்டு நின்றான். மீன்களெல்லாம் அவன் காலைச் சுற்றி மொய்த்து, சற்று நேரத்தில் வாயை மூடிக்கொண்டு அடியில் இறங்கின. குன்வோர் வெப்பமானியை முக்கிப் பார்த்தாள். ஓடிப்போய் அவனுக்கு நாற்காலி போட்டாள், தண்ணீருக்குள்ளேயே. அந்தக் கோடையில் மீன்கள் பிழைத்தன. அடுத்த வசந்தத்தில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அங்கேதான் வந்தது வினை. சந்தோஷமான அஸ்கெரால் ஒரு வாளி நீரைக்கூடக் குளிரவைக்க முடியவில்லை. ஜூலையில் ஐம்பது மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. அவனோ தண்ணீரில் நின்று சிரித்தபடி அவளுக்குக் கையசைத்தான்.

குன்வோர் கரையில் நின்றபடியே சொன்னாள்:

"சுவத்துல மாட்டி வெச்சிருக்கியே நாலு கிலோ மீனு, அது நீ புடிச்சதுக்கு முந்தின நாள் நான் விட்டது. ஒரு வாரம் பட்டினி போட்டு விட்டேன். வெறும் முள்ளைப் போட்டிருந்தாலும் கவ்வியிருக்கும்."

"பொய்தானே?"

"நிஜம்."

நிஜம்தான். மதியத்துக்குள் குளம் பதினொன்றுக்கு இறங்கியது. ஆகஸ்ட் முடியும் வரை அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதிலிருந்து வருஷா வருஷம் இதேதான். ஜூலை முதல் தேதி அஸ்கெர் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, "ம், சொல்லு" என்பான். குளிர்காலமெல்லாம் சொல்லாமல் வைத்திருந்த ஓர் உண்மையை அவள் சொல்வாள். எதற்காகச் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வலிக்கும், வலித்தால்தான் மீன் பிழைக்கும். சொல்லிவிட்டு அவள் சமையலறையில் போய் அழுவாள். அந்த இரண்டு மாதமும் ஊரில் யாரும் அவர்களைச் சேர்த்து விருந்துக்கு அழைப்பதில்லை. செப்டம்பரில் முதல் மழை பெய்ததும் அவள் துண்டோடு கரைக்கு வந்து, விறைத்துப்போன அவன் பாதங்களை மடியில் வைத்து, விரல் விரலாகத் துடைத்துவிடுவாள். அதற்கு ஒரு முழு நாள் பிடிக்கும். அன்று குளத்துக்கு விடுமுறை.