கருப்பு ஏறாத கோடு

பாலிஷ்காரருக்குக் கருப்புப் பெயிண்ட் என்றாலே ஆகாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்பார். பெயிண்ட் அடித்துவிட்டால் மரமும் தகரமும் ஒன்றுதான். ரேகை தெரியாத மரம் என்ன மரம்?

அவருடைய கருப்பே வேறு. துருப்பிடித்த ஆணிகளை ஒரு வாரம் வினிகரில் ஊறப்போட்டு வடித்த இரும்புத் தண்ணீர். முதலில் மரத்துக்குக் கெட்டியாகத் தேயிலைச் சாறு ஒரு பூச்சு, அது காய்ந்ததும் இந்தத் தண்ணீர். ஐந்து நிமிடத்தில் மரம் தானாகக் கறுத்துவிடும், ரேகை அழியாது. எல்லோருக்கும் இவ்வளவு மெனக்கெட மாட்டார். இவை மகள் வீட்டு நாற்காலிகள். அவள் கல்யாணத்துக்கு அவரே செய்து கொடுத்தவை, நான்கு.

"அவருக்குக் கருப்புதான் வேணுமாம்ப்பா. சும்மா பெயிண்ட் அடிச்சாப் போதும்" என்று நேற்று இறக்கிவிட்டுப் போயிருந்தாள்.

மூன்று நாற்காலிகள் சொன்ன பேச்சைக் கேட்டன. நான்காவது அடம்பிடித்தது. முதுகுப் பலகையின் குறுக்கே ஒரு கோடு மட்டும் வெளிறி நின்றது. தேய்த்துவிட்டு மறுபடி பூசினார். ஏறவில்லை. பின்னங்கால் ஒன்றிலும் அதே கோடு.

பசை. பசை குடித்த மரத்தில் இரும்புத் தண்ணீர் பிடிக்காது. யாரோ உடைந்ததை ஒட்டியிருக்கிறார்கள், தடவினால்கூடத் தெரியாத அளவுக்கு. இரண்டு ஆள் ஏறி நின்றாலும் அசையாத நாற்காலி அது. உடைய வேண்டுமானால் தூக்கி எதன் மேலாவது அடித்திருக்க வேண்டும். எதன் மேல் என்று யோசித்ததும் பூசிக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் மகள் குழந்தையோடு வந்து, தோளில் கன்றிப்போன இடத்தைக் காட்டினாள். பின்னாலேயே வந்த மருமகன், "படியில விழுந்துட்டா மாமா" என்றான். நம்புவது வசதியாக இருந்தது, நம்பினார். "அப்படியே அடிச்சிருந்தாலும், அடிக்கிற கைதாம்மா அணைக்கும்" என்று வேறு சொல்லி அனுப்பிவைத்தார். பெரிய மனுஷர்! சொன்னது அவர் வாய், வாங்கியது அவள் முதுகு.

மத்தியானம் மகள் வண்டியோடு வந்தாள். அந்தக் கோட்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பெயிண்ட்தானேப்பா அடிக்கச் சொன்னேன்?"

"யாரும்மா ஒட்டினது?"

"நான்தான். உங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டதுதானே. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னார்."

அவளே அலமாரியிலிருந்து பெயிண்ட் டப்பாவை எடுத்தாள். இடது கை தூக்க வரவில்லை. ஒரே கையால் மூடியை நெம்பப் பார்த்தாள். பாலிஷ்காரர் டப்பாவை வாங்கிக் கீழே வைத்தார்.

"நீ இனி அங்க இருக்க வேண்டாம் கண்ணு. வா, குழந்தையைப் போய்க் கூட்டிட்டு வந்துடலாம்."

மகள் அழவில்லை. "அன்னிக்கு இதே இடத்துல நின்னுதான் தோளைக் காட்டினேன். நம்பலை. இன்னிக்கு நாற்காலி சொன்னதும் நம்பிட்டீங்க."

பாலிஷ்காரர் பெயிண்ட் டப்பாவை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தார்.

"ஏத்திரலாமா?" என்று வண்டிக்காரர் வெளியிலிருந்து கேட்டார்.

"நாற்காலி வேண்டாம்பா. நாங்கதான் வர்றோம்" என்றார் பாலிஷ்காரர். கறுத்த கையைக்கூடக் கழுவாமல் செருப்பை மாட்டினார்.

மகள் முதலில் ஏறினாள். அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். வீடு போய்ச் சேரும்வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை.