மண்டியிடும் காட்சி

அப்பாவின் இடது கன்னத்து அரிதாரத்தை எண்ணெய்த் துணியால் துடைத்து முடித்துவிட்டு வலது கன்னத்துக்குப் போனபோது வாசலில் குரல் கேட்டது.

"அதை அப்படியே விடுங்கம்மா. துடைக்காதீங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். 'ஒழுக்கம்' நின்றிருந்தார். பொது ஒழுக்கக் குழுவின் அதிகாரி. அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊர் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. புரட்சிக்குப் பிறகு மேடையில் யார் யாரைத் தொடலாம், எந்த வசனத்துக்கு ஜனங்கள் சிரிக்கலாம் என்பதிலெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். தொப்பியைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

"ஏன் துடைக்கக் கூடாது?"

"விசாரணை முடியட்டும். செத்தது யாருன்னு முதல்ல தெரியணும். நடிகரா, ராஜாவா?"

சிரிப்பு வந்திருக்க வேண்டிய பேச்சு. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பாதி முகம் அப்பா. மறுபாதியில் சிவந்த கன்னமும் மேலே ஏற்றி வரைந்த புருவமும் ஒட்டுமீசையின் ஒரு முனையுமாக ராஜா அப்படியே இருந்தார்.

புரட்சியின்போது நிஜ ராஜாவைச் சதுக்கத்தில் வைத்துச் சுட்ட கதைதான் நாடகம்; குழுவே எழுதிக் கொடுத்தது. கடைசிக் காட்சியில் ராஜா மண்டியிட்டு, செருப்புத் தைக்கும் தொழிலாளியின் காலடிவரை முழங்காலாலேயே நகர்ந்து போய் உயிர்ப்பிச்சை கேட்பார். துப்பாக்கி வெடிக்கும். ராஜா சாவார். அரங்கம் கைதட்ட வேண்டும். தட்டாதவர்களைக் குறித்துக்கொள்ள ஆள் உண்டு என்பதால் எல்லோரும் கை சிவக்கத் தட்டுவார்கள். அப்பா இரண்டு வருடமாக இப்படிக் கெஞ்சிச் செத்துக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்கே ராஜா என்று பெயர் விழுந்துவிட்டது.

நேற்று மாலை அவர் மண்டியிடவில்லை. திரை மறைவிலிருந்து வசனம் எடுத்துக் கொடுக்கும் வசனக்காரர் கெஞ்சல் வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அப்பா நெஞ்சைப் பிடித்தபடி நேராக நின்றார். துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே விழுந்துவிட்டார். ஒருவரும் கைதட்டவில்லை. டாக்டர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"நெஞ்சு வலியால நின்னாரா, வேணும்னே நின்னாரா? அதான் கேள்வி," என்றார் ஒழுக்கம். "வேணும்னே நின்னிருந்தா அது துரோகம். ஊருக்கு வெளியே குழி, கூட்டம் கூடாது, நாடக மன்றத்துக்குப் பூட்டு. நீங்க பள்ளிக்கூட டீச்சர் வேற."

மூலையில் வசனக்காரர் உட்கார்ந்திருந்தார். அப்பாவோடு ஒரே ஒப்பனை அறையில் பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளியவர். அவளுக்குச் சித்தப்பா முறை வைத்துக் கூப்பிட்டுப் பழக்கம். ஒழுக்கம் அவர் பக்கம் திரும்பினார்.

"லாரி வச்சு ஆள் கொண்டு வந்தாலும் பாதி பெஞ்சு காலியா கிடக்கும். நேத்து மட்டும் எதுக்கு அவ்வளவு கூட்டம்?"

"மழை வர்ற மாதிரி இருந்துச்சுங்க. ஒதுங்க வந்திருப்பாங்க."

"மழையே வரலையே."

"அது மழையைத்தாங்க கேக்கணும்."

ஒழுக்கம் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னார்: "மண்டியிட மாட்டேன்னு உங்கப்பா முன்கூட்டியே சொன்னாராமே."

அவள் கையிலிருந்த துணி நின்றது. சொன்னார்தான். நேற்று மதியம், சாப்பிடும்போது. அப்போது வீட்டில் இருந்தது மூன்று பேர். அப்பா, அவள், அவள் கணவன். கணவனுக்கு ஒழுக்கக் குழு அலுவலகத்திலேயே டைப்பிஸ்ட் வேலை.

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று அடுப்படிக்குப் போனாள். கணவன் அங்கே டம்ளர் கழுவிக்கொண்டிருந்தான்.

"நீங்க சொன்னீங்களா?"

"என்னத்த?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. அவருக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொல்லல."

"மூணு பேர்தான் சாப்பிட்டோம். ஒருத்தர் அங்க படுத்திருக்காரு. நான் சொல்லல."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டான். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினான். குற்றமுள்ள நெஞ்சுதான் இப்படி வாய் மூடும் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். இத்தனை வருடம் ஒரே தலையணையில் படுத்த மனிதன் சட்டென்று வாடகைக்கு வந்தவன் போலத் தெரிந்தான். அந்த ஆத்திரத்தோடுதான் கூடத்துக்குத் திரும்பினாள்.

"சார், நீங்களும் முன்வரிசைலதானே இருந்தீங்க?"

"ஆமா."

"நீங்க கைதட்டினீங்களா?"

வசனக்காரர் தலை குனிந்துகொண்டார். ஒழுக்கம் தொப்பியைக் கழற்றினார். கழற்றியபின் அவர் சற்று வயதானவராகவும், சரியாகத் தூங்காதவராகவும் தெரிந்தார். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து தணிந்த குரலில் பேசினார்.

"நானும் தட்டல. போதுமா?"



"உங்கப்பாவேதான் என்கிட்ட வந்து சொன்னாரு. டீக்கடைல வச்சு. 'அந்த நிஜ ராஜா அயோக்கியன்தான் சார். ஆனா சாகும்போது கெஞ்சல. நான் சதுக்கத்துல நின்னு பார்த்தேன். ஒரே ஒரு தடவை உள்ளபடி செஞ்சு காட்டுறேன், வந்து பாருங்க'ன்னாரு. ஊர் பூரா இப்படித்தான் சொல்லி அழைச்சிருக்காரு போல."

"நீங்க தடுத்திருக்கலாமே சார். அதுதானே உங்க வேலை?"

அவர் தொப்பியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டார்.

"அன்னைக்கு நானும் சதுக்கத்துல இருந்தேம்மா."

 அடுப்படியில் குழாய்ச் சத்தம் நின்றது.

"மேலிடத்துக்கு ஏதாவது பதில் சொல்லணும்," என்றார் ஒழுக்கம். "முட்டி வலின்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். மண்டியிடப் பார்த்தாரு, முடியல, அந்த வேதனைல நெஞ்சடைச்சிருச்சு. எல்லாரும் தப்பிச்சோம்."

அப்பாவுக்கு முட்டி வலியே கிடையாது. அறுபது வயதிலும் கை ஊன்றாமல் எழுந்து நின்று காட்டி, "எவனாவது எந்திரிங்கடா பார்ப்போம்" என்று சின்ன நடிகர்களைச் சீண்டுவார். அவர் வாழ்நாளில் தனக்கென்று செய்துகொண்ட ஒரே காரியம் நேற்று நின்ற நிற்பு. அதைப் பொய்யாக்கினால்தான் அவரை ஊருக்குள் புதைக்க விடுவார்கள்.

"முட்டி வலி," என்றாள். "ரொம்ப நாளா."

 இரண்டு வருடம் குழு செய்ததை இப்போது தன் கையாலேயே செய்துவிட்டதாக நினைத்தாள். அப்பாவை மண்டியிட வைத்துவிட்டாள். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள்.

"இனி துடைச்சிடுங்கம்மா," என்று சொல்லிவிட்டு ஒழுக்கம் வெளியே போனார்.

பிற்பகலில் அடக்கம். ஒழுக்கம் ஒலிபெருக்கியில் பேசினார். முட்டி ஒத்துழைக்காதபோதும் மக்கள் முன் மண்டியிடத் துடித்த கலைஞர் என்றார். கூட்டம் முகத்தில் ஒன்றையும் காட்டாமல் கேட்டது. யார் நம்புகிறார்கள், யார் தன்னைத் திட்டுகிறார்கள் என்று அவள் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். ஒன்றும் பிடிபடவில்லை. அவர்கள் தெருச் சலவைக்காரி மட்டும் கிட்டே வந்து அவள் கையை அழுத்திவிட்டுப் போனாள். அது ஆறுதலா, பரிகாசமா என்றுகூட அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

கடைசியில் ஓர் அறிவிப்பு. நாடகம் நிற்காது. இன்று மாலையும் உண்டு. எல்லா வசனமும் மனப்பாடமாகத் தெரிந்தவர் என்பதால் ராஜா வேடம் வசனக்காரருக்கு.

மண் காய்வதற்குள் வேடத்துக்கு ஆள் வந்தாயிற்று என்று அவளுக்குச் சுருக்கென்றது. வசனக்காரர் விடைபெற வந்தார்.

"நேரமாச்சு. ஒப்பனை போடணும். வரேம்மா."

"நல்லபடியா செய்யுங்க சித்தப்பா," என்றாள் கசப்பாக.

அவர் போகத் திரும்பினார். பிறகு நின்று, குனிந்து, முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"எனக்கும் ரொம்ப நாளா முட்டி வலிம்மா," என்றார்.

வீட்டுக்குப் போகும் வழி அரங்கத்தைத் தாண்டித்தான். அவளும் கணவனும் பேசாமல் நடந்தார்கள். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், வாய் வரவில்லை. டிக்கெட் ஜன்னலில் தொடங்கிய வரிசை தெருமுனை திரும்பி, தபால் நிலையத்தையும் கடந்து போயிருந்தது.

கணவன் சட்டைப்பையில் அலுவலக இலவசப் பாஸ் இருந்தது. அதைத் தொடாமல், வரிசையின் கடைசியில் போய் நின்றான். அவளும் போய்ப் பக்கத்தில் நின்றாள். முன்னால் நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல், கொஞ்சம் தள்ளி நின்று சுவர் நிழலில் அவளுக்கு இடம் விட்டார்.